கண்ணாடித் தொட்டியா, அக்கிரிலிக்குத் தொட்டியா?

மட்டக்களப்பு வாவி மீன் பாடும் வாவி என்பதை நாடறியும். வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியில், நிலவெறிக்கும் இரவுகளிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதிற் பொருத்தி அவ்விசையைக் கேட்பது எம் முன்னோர் வழக்கம். கேட்டார்களேயன்றிப் பாடும் உயிரை எவரும் கண்டாரில்லை. நீருக்குள் நடக்கும் வாழ்க்கையைக் கண்ணாரக் காணவேண்டும் என்னும் இந்த ஆவலே, வீட்டிலே மீன்தொட்டி வைக்கும் வழக்கத்துக்குத் தாய் எனலாம்.

இவ்வாவல் எமக்கு மட்டும் உரியதன்று. 1832 ஆம் ஆண்டளவிற் சிசிலித் தீவிலே ஜீன் வில்பிரே பவர் என்னும் அம்மையார் கடலுயிர்களை ஆராய்வதற்குக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். 1850 இல் இலண்டனில் றொபேட் வாறிங்ரன் என்னும் இரசாயன அறிஞர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று காத்து வாழும் என்று காட்டினார். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிற் பொதுமக்களுக்கான மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அன்று தொடங்கிய பழக்கம் இன்று எமது ஊர் வீடுகளின் முன் விறாந்தை வரை வந்துவிட்டது.

தொட்டி வாங்கச் செல்லும் பெற்றோரும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குத் தொட்டி வேண்டும் மாணவரும் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. கண்ணாடித் தொட்டி வாங்குவதா? அக்கிரிலிக்குத் தொட்டி வாங்குவதா? அதற்கு விடை கூறுமுன், எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகின்றோம்.

எமது அறியாமை

சில ஆண்டுகளுக்கு முன், மகன் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தியபோது, பரிசாக இரண்டடி நீளமான அக்கிரிலிக்குத் தொட்டியொன்றும் ஒன்பது மீன்களும் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் மாதத்திலே தொட்டியின் சுவரிற் பச்சைப் பாசி படர்ந்தது. சுத்தத்திற் பேரார்வம் கொண்ட நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டியை மடித்துக் கட்டினோம். நீர் முழுவதையும் கொட்டினோம். கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் சவர்க்காரமிட்டுக் கழுவினோம். குசினியிற் பானை தேய்க்கும் தேங்காய்ப் பொச்சையும் சாம்பலையும் எடுத்துச் சுவரை நன்றாகத் தேய்த்தோம். பின் குழாய்நீரை நிரப்பி மீன்களை விட்டோம்.

அன்று மாலையே மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்பதில் ஏழு மாண்டன. தொட்டியின் சுவரோ மார்கழிப் பனி மூடியது போல மங்கிவிட்டது. “அப்பா, நீங்கள் நல்லதுக்குத்தானே கழுவினீர்கள்? பிறகு ஏன் செத்தன?” என்று மகன் கேட்டான். விஞ்ஞானம் கற்பிக்கும் எம்மிடம் அன்று விடை இருக்கவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும், மீன் வளர்ப்போரை உசாவியும், மீண்டும் வளர்த்தும் அறிந்தவையே கீழே வருவன.

இரு பொருள்களின் இயல்பு

கண்ணாடி மணலிலிருந்து பிறப்பது; தொன்மையானது. அக்கிரிலிக்கு 1930 களில் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் சந்தைக்கு வந்த ஒரு பிளாத்திக்கு. இரண்டாம் உலகப் போரின்போது ஆகாயவிமானிகளின் ஆசனத்தை மூடும் ஒளிபுகு கூண்டுகள் இதனாலேயே செய்யப்பட்டன. இன்று உலகின் பெரும் மீன்காட்சிச்சாலைகள் யாவும் இதையே நாடுகின்றன. யப்பானில் ஒக்கினாவாத் தீவிலே 2002 இல் திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலையின் பெருஞ் சாளரம் 22.5 மீற்றர் அகலமும் 8.2 மீற்றர் உயரமும் 60 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது.

முதலில் நிறையைப் பார்ப்போம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 36 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 65 லீற்றர் நீர் கொள்ளும். அதனை 6 மில்லிமீற்றர்க் கண்ணாடியாற் செய்தால் வெறுந் தொட்டி பன்னிரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேல் நிறுக்கும். அதே தடிப்புள்ள அக்கிரிலிக்கானால் ஆறு கிலோகிராமே. ஆயினும், நீர் நிரம்பியபின் அதன் நிறையே 65 கிலோகிராம். ஆகவே எத்தொட்டியாயினும் அதனைத் தாங்கும் மேசை உறுதியானதாக இருத்தல் வேண்டும். நீர் நிரம்பிய தொட்டியை ஒருபோதும் தூக்கலாகாது.

இனி வலிமை. அடி தாங்குவதில் அக்கிரிலிக்குக் கண்ணாடியிலும் பல மடங்கு மேலானது. பந்து பட்டாற் கண்ணாடி சிதறும். அக்கிரிலிக்குப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சிறுவர் ஓடியாடும் வீட்டில் இஃது எளிதில் ஒதுக்கத்தக்க நன்மையன்று. ஆனால் விறைப்பிலே கண்ணாடியின் இருபதில் ஒரு பங்குகூட அக்கிரிலிக்குக்கு இல்லை. நீரழுத்தத்தால் அது வெளிப்புறமாகப் பிதுங்கும். அதனாலேயே அதற்குத் தடித்த தகடும், மேல்விளிம்பிற் குறுக்குச் சட்டமும், அடிப்புறம் முழுவதையும் தாங்கும் சமதளமும் தேவைப்படுகின்றன. நீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தாற் கூடுவதன்று, உயரத்தாலேயே கூடுவது என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

அக்கிரிலிக்கு உடையாத பொருள் என்று எண்ணிவிடுதலும் தவறு. பேர்லின் நகரிலே பத்து இலட்சம் லீற்றர் நீரும் ஏறத்தாழ 1500 மீன்களும் கொண்டிருந்த உருளை வடிவான அக்கிரிலிக்குத் தொட்டி 2022 டிசெம்பர் 16 ஆந் திகதி விடியற்காலையிலே திடீரென வெடித்துச் சிதறியது. மீன்களிற் பெரும்பாலானவை மாண்டன.

காட்சித் தெளிவில் இரண்டும் சிறந்தனவே. தடித்த கண்ணாடியில் இரும்புச் சேர்க்கையினாற் பச்சைச் சாயல் தோன்றும். அக்கிரிலிக்கில் அது தோன்றுவதில்லை. இரண்டடித் தொட்டியில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. புலப்படுவது கீறலே. கண்ணாடி எளிதிற் கீறாது. அக்கிரிலிக்கோ ஒரு மணற்பருக்கை அகப்பட்டாலும் கீறிவிடும். ஆயினும் அக்கிரிலிக்கின் கீறலை மிக நுண்ணிய நீர்ப்பட்டுத்தாளினால் மெருகிட்டுப் போக்கலாம். கண்ணாடியின் ஆழ்ந்த கீறலை வீட்டிலே போக்குதல் அரிது.

எனவே எமது முடிவு இது. மூன்றடிக்கு உட்பட்ட வீட்டுத் தொட்டிக்குக் கண்ணாடியே ஏற்றது. விலையும் குறைவு, பாசியைச் சுரண்டுதலும் எளிது. மாடிவீட்டில் வைப்போரும், பெருந்தொட்டியோ வளைந்த தொட்டியோ விரும்புவோரும், துடியாட்டமான சிறுவர் உள்ளோரும் அக்கிரிலிக்கை நாடலாம். ஆனாற் பொறுமையுடன் துடைக்கும் கை வேண்டும். உருண்டைக் கிண்ணத்தை மட்டும் எவரும் வாங்கவேண்டாம். அதிற் காற்றுப்படும் நீர்ப்பரப்புக் குறைவு. மீனுக்கு மூச்சு முட்டும்.

கண்ணாடித் தொட்டியைத் தாமே ஒட்ட விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து கலந்த சிலிக்கன் பசை மீனுக்கு நஞ்சு. மீன்தொட்டிக்கென விற்கப்படும் பசையையே வாங்கி, அதன் வினாகிரி மணம் முற்றாக நீங்கும் வரை சில நாள் உலரவிடல் வேண்டும்.

சுத்தம் என்பது யாது?

எமது மீன்கள் ஏன் மாண்டன? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகின்றது. அது கொடிய நஞ்சு. தொட்டியின் கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகையின அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இதன் தீமை மிகக் குறைவு, செடிக்கோ உணவு. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நாம் சவர்க்காரமிட்டுக் கழுவியபோது அழுக்கை மட்டும் போக்கவில்லை. மீன்களின் காவலரையும் கொன்றோம். எஞ்சியவற்றைக் குழாய்நீரின் குளோரீன் கொன்றது. மீனின் செவுளையும் அது சுட்டது. எம் கண்ணுக்கு அழுக்காகத் தோன்றியதே அவற்றுக்கு அரணாக இருந்தது.

ஆகவே பின்வரும் முறையைக் கைக்கொள்ளுக.

கையை நீரில் இடுமுன் மின்சாரத் தொடர்புகள் யாவற்றையும் கழற்றிவிடுக. கிழமைக்கொருமுறை நீரிற் காற்பங்கை மட்டும் றப்பர்க் குழாயினால் அடியிலுள்ள அழுக்கோடு உறிஞ்சி எடுக்க. வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த தொட்டிநீரிலேயே பிழிந்து மீண்டும் வைக்க. குழாய்நீரிற் கழுவலாகாது. அந்நீரை வீணே கொட்டாது மிளகாய்க் கன்றுக்கும் பூச்செடிக்கும் ஊற்றினால் அவை தழைக்கும்.

புதிதாக ஊற்றும் குழாய்நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாற் குளோரீன் நீங்கும். குளோரமீன் சேர்ந்த நீராயின் அதற்குரிய மருந்தையும் இடவேண்டும். கிணற்றுநீரைப் பயன்படுத்துவோர் கோடையில் அது உவர்க்கின்றதா என முதலிற் சுவைத்துப் பார்ப்பாராக.

பாசியை அகற்றுங்கால், கண்ணாடியானாற் சவரத் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். மூலைகளிலுள்ள சிலிக்கன் பசையைத் தொடாதிருக்க வேண்டும். அக்கிரிலிக்கானால் மெல்லிய பருத்தித் துணியோ அதற்கென உள்ள பஞ்சோ அன்றி வேறொன்றும் ஆகாது. அடிமணலுக்கு அருகிலே துடைக்கும்போது மணல் அகப்படாவண்ணம் மேல்நோக்கித் துடைக்க. வெளிப்புறத்துக்குச் சாளரக் கண்ணாடி துடைக்கும் திராவகங்களை இடவேண்டாம். அவற்றிலுள்ள அமோனியாவும் மதுசாரமும் அக்கிரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். ஈரத் துணியே போதும். நீர்மட்டத்திற் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கறையை, நீர் கலந்த வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ தோய்த்த துணியாற் துடைத்து, தொட்டிக்குள் விழாமல் ஒற்றியெடுக்கலாம்.

பாசி பெருகாமற் காப்பதே அறிவுடைமை. தொட்டியில் நேர்வெயில் படலாகாது. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் சூடேறும். சூடான நீரில் ஒட்சிசன் குறையும். அந்நாளில் மின்சாரமும் நின்றுவிட்டால், ஒரு குவளையினால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பது மீன்களைக் காக்கும். நுளம்புக்கு மருந்தடிக்கும்போது தொட்டியை மூடிவைக்க மறவாதீர்.

வாவியை மறவாதீர்

தொட்டியைத் துப்புரவாக்கும் என்று சொல்லிக் கடைகளில் விற்கப்படும் உறிஞ்சுவாய் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. குட்டியாக இருக்கையிற் பாசியைத் தின்னும். பின் ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். அப்போது மனமிரங்கி அதனைக் குளத்திலோ வாவியிலோ விட்டுவிடுவோர் உளர். அவ்விரக்கம் பெருந்தீங்கு. இந்நாட்டு நீர்நிலைகளில் அம்மீன் ஏற்கனவே பரவிவிட்டது. அழகுச் செடியாக 1905 இல் இலங்கைக்கு வந்த ஆகாயத்தாமரை இன்று குளங்களை மூடிக்கிடப்பதையும், கல்லூரி ஆய்வுக்கென 1939 இற் கொழும்புக்கு வந்த சல்வீனியா வயல்வரை பரவியதையும் நாம் மறத்தலாகாது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ நண்பரிடமோ கொடுத்துவிடுக.

துப்புரவாளர் எமது களப்புகளிலேயே உளர். பச்சை உடலில் முத்துப் புள்ளி பதித்த செல்வன் மீனை, அதன் சிறிய மஞ்சள் உறவினமான மீன் அணுகி, செட்டையிலுள்ள பூஞ்சணத்தையும் ஒட்டுண்ணியையும் கொத்தியெடுப்பதை 1972 இல் ஆய்வாளர் இருவர் எழுதி வெளியிட்டனர். ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சுத்தம் செய்யும் முறையைப் பாருங்கள்! வேண்டாததை மட்டும் எடுக்கின்றது, வேண்டியதைத் தொடுவதில்லை.

மகனின் வினாவுக்கு நாம் கண்ட விடையும் அதுவே. இப்போது எமது வீட்டிலிருப்பது கண்ணாடித் தொட்டி. ஞாயிறு தோறும் காற்பங்கு நீரை மாற்றுபவன் அவனே. அன்று பிழைத்த மீன்கள் இரண்டும் அதன்பின் நெடுநாள் வாழ்ந்தன. பொச்சும் சாம்பலும் குசினியிற் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு நாம் அப்பக்கம் போவதற்கு மட்டும் அவன் இன்னமும் அனுமதி தரவில்லை.