மாலுமியின் பெயரும் கப்பலின் பெயரும்

சித்தூர் மாவட்டத்து விஜயபுரம் நம் வாசகர் பலர் அறிந்த ஊர். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

பழைய பெயருக்குரிய ஆர்ச்சிபால்ட் பிளேர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையில் லெப்டினன்ட். 1788-89இல் அத்தீவுகளின் கரைகளை அளந்தவர். 1789இல் அங்கு குடியேற்றம் அமைத்தபோது, துறைமுகத்திற்குத் தம் பெயரை அவர் இடவில்லை. கடற்படைத் தலைவர் வில்லியம் கார்ன்வாலிஸின் (கவர்னர் ஜெனரலின் தம்பி) பெயரையே இட்டார். பின்னர் வடக்கே மாற்றப்பட்ட குடியேற்றம், நோய் மலிந்து 1796இல் கைவிடப்பட்டது. பழைய துறைமுகம் பிளேரின் பெயரைப் பெற்றது அதற்குப் பிறகுதான்.

இன்று அதுவும் நீங்கிவிட்டது. ஆயினும், தூக்குமேடையால் நாம் அறிந்த வைப்பர் தீவு அத்துறைமுகத்தின் உள்ளே பெயர் மாறாமல் இருக்கிறது. வைப்பர் என்பது பிளேர் வந்த கப்பலின் பெயர்.