ஆசிரியப் பணியை விட்டார், பேராசிரியர் பட்டம் நிலைத்தது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடத்தில் ஓலையிட்டு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதப்பட, வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும். பாதி நிலத்துக்குக் கல்வி ஈடானது! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. ஆனால் அந்த ஊர்ச் சபை பிராமணர் சபை. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் கதவு சாத்தியே இருந்தது. இதை மறைத்துவிட்டு நாம் பெருமை பேசக் கூடாது.

சாத்திய அந்தக் கதவை எதிர்த்து எழுந்த திராவிட இயக்கத்திலிருந்து வந்தவர் க. அன்பழகன். 1922-இல் திருவாரூர் அருகே காட்டூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இராமையா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, 1944 முதல் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்தினார். காஞ்சிபுரத்து அண்ணா படித்த கல்லூரி அது. 1957-இல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்று 15 இடங்களில் வென்றது. அதில் எழும்பூர் அன்பழகனுடையது. கல்லூரி வேலை அத்தோடு முடிந்தது. ஆனாலும் கட்சி மேடைகளில் கடைசி வரை அவர் 'பேராசிரியர்'தான்.

மேலவை, மக்களவை, பிறகு அமைச்சர் பதவிகள்: 1971-இல் மக்கள் நல்வாழ்வு, 1989-லும் 1996-லும் கல்வி, 2006-இல் நிதி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசமைப்புச் சட்டத்தின் மொழிப் பிரிவை எரித்ததற்காக 1986-இல் பதவி இழந்த பத்து சட்டமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் 2003-இல் கர்நாடகத்துக்கு மாற்றியதும் அவர் தொடுத்த மனுவின் பேரில்தான்.

எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகத் தெரிவது வேறு. கட்சித் தலைவர் கருணாநிதியைவிட ஒன்றரை வயது மூத்தவர். 1977-இல் தி.மு.க. பொதுச்செயலாளரானவர், 2020 மார்ச் 7-இல் மறையும் வரை 43 ஆண்டுகள் அந்த இடத்திலேயே இருந்தார். தலைமைக்குப் போட்டியிடவில்லை, கட்சியை உடைக்கவில்லை. எத்தனையோ பிளவுகளைக் கண்ட நம் அரசியலில் இது எளிதில் வாய்க்காத குணம்.

இன்று அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டும் 7,000 கோடி ரூபாய்த் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்து மக்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அதில் எவ்வளவு வந்தது, எத்தனை வகுப்பறை எழுந்தது என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கணக்குக் கேட்பது உங்கள் ஊரின் ஆயிரம் ஆண்டு வழக்கம்.