தொட்டிக்குள் இறங்குமுன் ஒரு வார்த்தை

தோல் தொழிலில் நல்ல நிர்வாகம் என்பது முதலில் இரண்டு மேஸ்திரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தகவல். வாணியம்பாடி டேனரிகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். பிறகு தோலை ஊறவைக்கும் பிக்கிள் வேலைக்கு உப்பும் அமிலமும். இரண்டின் கழிவுநீரும் ஒன்றாகக் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அது தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் போய்விட்டதே என்று ஆள் துணிந்து இறங்குவார். அவர் விழ, தூக்கப் போனவரும் விழ, ஒரு சாவு இரண்டு மூன்றாவது இப்படித்தான்.

அமில டிரம்மைத் திறக்கப் போகிறோம் என்று சுண்ணாம்புப் பக்கத்துக்கு முன்கூட்டிச் சொல்ல எந்தச் செலவும் இல்லை. ஆனால் எந்த மொழியில் சொல்வது? முதலாளி வீட்டில் உருது, டிரம் பக்கம் தமிழ், ஆந்திர எல்லையோர ஊர்க்காரரிடம் தெலுங்கு, வடக்கிலிருந்து வந்தவர்களிடம் இந்தியும் வங்கமும். தொட்டி கழுவ ஒப்பந்தத்தில் வரும் ஆளின் பெயர்கூடப் பல இடங்களில் சூப்பர்வைசருக்குத் தெரியாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கியவர்களில் 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இப்படி வெளியூரிலிருந்து வந்த மேற்கு வங்கத்தவர்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோதே ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல வழி செய்தார்கள். தோல் பதனிடுதல் உள்ளிட்ட அபாயகரமான தொழில்களில், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது அந்தத் திருத்தம். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர், நிர்வாகம் இரு தரப்புக்கும் சம இடம் தந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. நாள் கூலிக்கு வந்தவர் வாய் திறந்தால் நாளைக்கு வேலை உண்டா என்பதற்குத்தான் சட்டத்தில் பதில் இல்லை.

பெண்கள் பெருவாரியாக வேலை செய்யும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் சிக்கல் வேறு. பாலியல் தொல்லையைச் சொல்ல, 10 பேர் இருந்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம்.

வெளிநாட்டு ஆர்டரும் விலையும்தான் தொழிலை வாழவைக்கும், பேச்சல்ல என்பவர்களும் உண்டு. இருக்கலாம்; ஆனால் சாவு விழுந்த டேனரியைப் பூட்டிவிட்டால் ஆர்டர் எங்கே போய் நிற்கும்?

தொட்டி கழுவும் நாளில், வாயுவைச் சோதித்த கருவி காட்டிய அளவை இறங்குபவரின் மொழியிலேயே சொல்ல வேண்டும். அவர் இறங்க மாட்டேன் என்றால் அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது.