கொல்லிமலைக்கு பைக்ல போறீங்களா? 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்' இருக்குன்னு நம்பி ஏறாதீங்க



லாங் வீக்கெண்ட் வருதுன்னாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல விழுற பேர் கொல்லிமலைதான். ஊட்டி அளவுக்குக் கூட்டம் கிடையாது, ரூம் வாடகை கையைக் கடிக்காது, எல்லாத்துக்கும் மேல காரவள்ளி அடிவாரத்துல இருந்து ஏறுற அந்த 70 கொண்டை ஊசி வளைவு. பைக் வச்சிருக்கிற யாருக்குமே எழுபதாவது வளைவுல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசை வரும். எனக்கும் வந்தது. ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

நாங்க ஆறு பேர், நாலு பைக். இறங்கும்போது எனக்கு முன்னாடி போன நண்பரோட வண்டி ஒரு வளைவுல மணல்ல சறுக்கி, தடுப்புச் சுவர்ல மோதிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஓட்டினவருக்கு முட்டியில சிராய்ப்பு. பின்னால உட்கார்ந்திருந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. ஃபோர்க், ஹேண்டில், ஹெட்லைட், டேங்க் எல்லாம் அடி வாங்கிடுச்சு. சர்வீஸ் சென்டர் பில் 38,600 ரூபாய்.

"விடு மச்சான், நம்ம வண்டிக்கு அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு" என்றார் நண்பர். எனக்கு அப்பவே வயித்தைக் கலக்கிடுச்சு.

ஏன்னு சொல்றேன். 2018 செப்டம்பர் 1-க்கு அப்புறம் வாங்கின புது டூவீலர் எல்லாத்துக்கும் அஞ்சு வருஷத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வந்த விதி அது. ஷோரூம்ல ஆன்-ரோடு விலையோட சேர்த்து வாங்கிடுவாங்க, நாமளும் பாலிசியைத் திறந்துகூடப் பார்க்காம ஃபைல்ல வச்சிடுவோம். ஆனா அந்த அஞ்சு வருஷம் அடுத்தவருக்கு நாம ஏற்படுத்துற சேதத்துக்கு மட்டும்தான். நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்தைப் பார்த்துக்கிற ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பாங்க. நண்பரோட வண்டிக்கு வயசு ரெண்டரை. ஓன் டேமேஜ் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெசேஜை விளம்பரம்னு நினைச்சு தள்ளி விட்டிருக்கார். 38,600-உம் அவர் பாக்கெட்ல இருந்து போச்சு.

ஓன் டேமேஜ் இருந்திருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்? சிஏ புத்தி, அன்னைக்கு ராத்திரியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பில்லுல பிளாஸ்டிக் பாகங்கள் 9,000, உலோகப் பாகங்கள் 21,600, லேபர் 8,000. பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, அதுல 4,500 வரும். ரெண்டுல இருந்து மூணு வயசுக்குள்ள இருக்கிற வண்டின்னா உலோகத்துக்கு 15 சதவீதம் கழிவு, அதுல 18,360. லேபர் முழுசா 8,000. கட்டாயக் கழிவு டூவீலருக்கு 100 ரூபாய்தான். மொத்தம் 30,760 கிடைச்சிருக்கும். ஜீரோ டெப், அதாவது எல்லாரும் 'பம்பர் டு பம்பர்'னு சொல்ற ஆட்-ஆன் இருந்திருந்தா இன்னும் கூட. அந்த வண்டிக்கு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியம் ரெண்டாயிரத்துக்குள்ளதான் கேட்டாங்க. 2019 செப்டம்பர்ல இருந்து ஓன் டேமேஜை மட்டும் தனியா வாங்கலாம், அதே கம்பெனியில வாங்கணும்னு இல்லை. ஆனா ஒண்ணு. விட்டுப் போன பாலிசிக்கு வண்டியைப் பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்க, அதுக்கு ஓரிரு நாள் ஆகலாம். விட்டுப்போய் 90 நாள் தாண்டிட்டா நோ கிளெய்ம் போனஸும் போயிடும். அதனால கிளம்புற வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன்ல தேடாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க.

இப்ப பின்னால உட்கார்ந்தவர் கதை. இதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கிற பகுதி. பின்னால உட்காருறவர் 'தேர்ட் பார்ட்டி'தானே, பாலிசி கொடுக்கும்னு எல்லாரும் நினைக்கிறோம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில அவர் கவர் ஆக மாட்டார்னு உச்ச நீதிமன்றம் 2006-லயே சொல்லியிருக்கு. காம்ப்ரிஹென்சிவ் பேக்கேஜ் பாலிசின்னா பின்னால உட்காருறவரும் அதுக்குள்ள வருவார்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல விளக்கம் கொடுத்தது. ஆக, "என் ஃப்ரெண்ட் என் வண்டியில வர்றான்"னு நீங்க சொல்லும்போது, அவருக்கு ஏதாவது ஆனா பணம் யார் கொடுப்பாங்கங்கிற கேள்விக்குப் பதில் உங்க பாலிசி ஷெட்யூல்ல இருக்கு. பின்னால உட்காருறவருக்கான பிஏ கவரைச் சின்ன பிரீமியத்துல ஆட்-ஆனா சேர்க்கலாம். அதையும் கேட்டு வாங்குங்க.

"எங்க கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கே சார்"னு சொல்வீங்க. அவருக்கும் இருந்தது, நாங்க கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி வரைக்கும். பழைய வேலையில கடைசி நாள் முடிச்சுட்டு, புது வேலையில சேர இருந்த பத்து நாள் இடைவெளியிலதான் இந்த ட்ரிப்பே போட்டோம். நாம எல்லாருமே அப்படித்தானே போடுறோம்? குரூப் பாலிசி சாதாரணமா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். சென்னை திரும்பி வந்து மணிக்கட்டுல பிளேட் வச்ச ஆபரேஷனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல சொந்தக் காசு. அதனால வேலை மாறுற கேப்ல ட்ரிப் போறவங்க, சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி இல்லாம மலை ஏறாதீங்க. இதை நான் அட்வைஸா சொல்லலை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓட்டுறவருக்கு என்ன கிடைக்கும்? ஓனர் தானே ஓட்டினா, 15 லட்சம் ரூபாய் கட்டாய பர்சனல் ஆக்சிடென்ட் கவர் உண்டு. இதையும் பல பேருக்கு ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுத்திருப்பாங்க, தேதியைப் பாருங்க. அதுவும் உயிர் போனாலோ, கை கால் கண் நிரந்தரமா பாதிச்சாலோதான். கால் உடைஞ்சு மூணு மாசம் வீட்ல படுத்தா அது பைசா தராது. அந்த மூணு மாசம் லாஸ் ஆஃப் பே ஆனாலும் இஎம்ஐ நிக்காது. அதுக்கு வாராவாரம் பணம் தர்ற வசதியோட தனி பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுக்கணும். குறைஞ்சபட்சம் பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்குக் கிடைக்கிற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவையாவது போட்டு வையுங்க. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ஒரு டீயும் வடையும் விலை.

இரவல் வண்டி எடுக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. அந்த 15 லட்சம் பதிவுச் சான்றிதழ்ல பேர் இருக்கிற ஓனருக்குத்தான், உங்களுக்கு இல்லை. இரவல் வாங்கி ஓட்டுறவர் ஓனர் இடத்துக்கு வந்துடறார்னு 2009-ல ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால தப்பு யார் மேலன்னு பார்க்காம இழப்பீடு தர்ற பிரிவுல அவர் குடும்பம் அந்த வண்டியோட தேர்ட் பார்ட்டி பாலிசியில கேட்க முடியாது. வாடகை வண்டின்னா நம்பர் பிளேட்டைப் பாருங்க. கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருந்தா முறையான வாடகை வண்டி. வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விட்டா, அது சொந்த உபயோகத்துக்கான பாலிசி. கிளெய்ம் வரும்போது முதல் கேள்வியே அங்கதான் விழும். லைசென்ஸும் அப்படித்தான். கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸ்ல கியர் வண்டி ஓட்டினா ஓன் டேமேஜ் கிளெய்ம் நிக்காது.

சரி, பட்ஜெட். சென்னையில இருந்து ஒரு பைக், ரெண்டு பேர்னு வச்சுக்குவோம். போக வர, மேல சுத்துறது எல்லாம் 900 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கொடுத்தா 22.5 லிட்டர், லிட்டர் 102-ன்னு போட்டா 2,295 ரூபாய். டூவீலருக்கு டோல் கிடையாது. ரூம் ரெண்டு ராத்திரிக்கு 4,000, சாப்பாடு 2,500, கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக் ஷூ, டயர், செயின் பார்க்க 1,500. மொத்தம் பத்தாயிரத்து சொச்சம், ஆளுக்கு அஞ்சாயிரம் சொச்சம். ரெண்டு ராத்திரின்னு நான் போட்டதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளி ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு கிளம்பி, விடிய விடிய ஓட்டி, தூக்கக் கலக்கத்தோட காரவள்ளியில ஏறாதீங்க. நாமக்கல்லயோ சேலத்துலயோ ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு காலையில ஏறுங்க. டேங்கை அடிவாரத்துக்கு முன்னாடியே நிரப்பிக்குங்க. மேல சிக்னல் எல்லா இடத்துலயும் ஒழுங்கா இருக்காது, யுபிஐயை நம்பாம கையில மூவாயிரம் காசு வச்சுக்குங்க. ஆடி 17, 18-ல வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்கணும்னா போங்க, சும்மா ரைடுக்குன்னா அந்த வாரத்தை விட்டுடுங்க. எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்கிறவங்களுக்கு: நியூ ரெஜிம்ல இருந்தா அந்தப் பேச்சே இல்லை.

இறங்குறது பத்தி ஒரு கணக்கு. "இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்"னு ஒரு பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. இருபது கிலோமீட்டருக்கு நீங்க மிச்சம் பண்றது அரை லிட்டர், ஐம்பது ரூபாய். பதிலுக்கு மொத்த வண்டியையும் பிரேக் மட்டும் தாங்குது. பிரேக் சூடேறி, பத்து வளைவு தாண்டினதும் பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். ரெண்டாவது கியர்ல இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னாடி மட்டும் தொடுங்க. ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி விட்டு நில்லுங்க, மலைப் பாதையில ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை.

இன்னொண்ணு, நாங்க பண்ணின தப்பு. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படிக்கட்டு. காலையில இறங்கிக் குளிச்சிட்டு, ஏறி வந்து, சாப்பிட்டுட்டு அன்னைக்கு மத்தியானமே மலை இறங்கினோம். தொடை நடுங்கிட்டு இருந்தது, பின் பிரேக்கை மிதிக்கிறதும் அதே கால்தான். அருவி அன்னைக்கு ராத்திரி மேலயே தங்கிடுங்க.

மீறி ஏதாவது ஆச்சுன்னா முதல்ல 108. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல காசு கட்டாம பார்த்துக்கலாம். இந்தத் திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, ஆனா எங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரலை. ஆளைக் கவனிச்ச பிறகு, முடிஞ்சா வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. சிக்னல் கிடைச்சதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்க. சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட பிரிச்சுப் போட்டுடாதீங்க. பாலிசி பிடிஎஃப்பை போன்ல டவுன்லோட் பண்ணி வையுங்க, பின்னால உட்காருறவர் போன்லயும் ஒரு காப்பி.

நண்பர் இப்ப ஓன் டேமேஜ், ஜீரோ டெப், பிஏ எல்லாம் போட்டுட்டார். மணிக்கட்டு உடைஞ்சவர் அடுத்த ட்ரிப்புக்குத் தேதி கேட்டுட்டு இருக்கார், தன் பாலிசி காப்பியையும் குரூப்ல போட்டுட்டார். மீதி நாலு பேர் இன்னும் போடலை. அதனால தேதி இன்னும் முடிவாகலை.