வெங்காய வேர் காட்டும் நீரின் நஞ்சு

ஆலைக் கழிவு கலந்திருக்குமோ என்று ஐயப்படும் நீரைப் பயிருக்குப் பாய்ச்சலாமா? நிறத்தையும் வாடையையும் மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும்.

பாசனத்திற்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியே வந்து தேங்கியது. சுற்றியுள்ள நிலங்களும் கிணறுகளும் கெட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. எனினும் கெட்ட நிலம் உடனே திருந்துவதில்லை. ஆகவே, நீரை வயலில் விடுமுன் சோதித்தறிவதே நலம்.

சோதனை முறை

வளரும் வேர் நுனியில் செல்கள் இடைவிடாது பிரிகின்றன. நஞ்சு இவற்றைத் தாக்கினால் வேர் நீளாது. சுவீடன் நாட்டில் 1938 முதல் வெங்காய வேரைக் கொண்டு இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒரே அளவுள்ள சின்ன வெங்காயங்களைத் தேர்ந்தெடுங்கள். அடித்தட்டில் காயம் படாமல் பழைய வேர்களை நீக்குங்கள். சிறு குப்பிகளின் வாயில், அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு வையுங்கள். ஐந்து குப்பிகளில் மழைநீர், ஐந்தில் சந்தேக நீர் நிரப்பி நிழலில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றுங்கள். ஐந்தாம் நாள் வேர்களை அளந்து சராசரி காணுங்கள். மழைநீரில் 4 செ.மீ. வளர்ந்து, சந்தேக நீரில் 2 செ.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அந்நீர் தீங்கானது. நுனி வீங்கினாலும் கொக்கிபோல் வளைந்தாலும் எச்சரிக்கை கொள்ளுங்கள்.

கடலோர உழவர் கவனிக்க

ஆரோவில் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கடலோரத்தில் உப்பு நீர்க் கிணறுகளும் உண்டு. வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். உப்பு மட்டுமே அதன் வேரைக் குறுக்கிவிடும். எனவே கழிவு கலக்காத, அதே அளவு உப்புள்ள கிணற்று நீரையும் மூன்றாவது தொகுதியாக வையுங்கள். அதைவிடச் சந்தேக நீரில் வேர் மிகக் குறுகினால், காரணம் உப்பு மட்டுமன்று என்று கொள்ளலாம்.

வேர் நன்கு வளர்ந்தாலும் நீர் முற்றிலும் தூயது என்று பொருளன்று. குரோமியம் போன்ற உலோகங்கள் மண்ணில் சிறிது சிறிதாகச் சேரும். நோய்க் கிருமிகளை வெங்காயம் காட்டாது. ஆதலால் இந்நீரைக் குடிக்கலாமா என்பதற்கு இச்சோதனை விடையாகாது.

ஐயம் எழுந்தால் பாசனத்தை நிறுத்தி, தூய குப்பியில் ஒரு லிட்டர் நீர் எடுத்து, இடமும் நாளும் எழுதி, நீர்ப் பரிசோதனை நிலையத்திற்கு உடனே அனுப்புங்கள். வேரின் அளவுகளையும் குறித்து வைத்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடும்போது விவரமாக எடுத்துரைக்க உதவும்.