பெட்ரோல் கசிந்த மண்ணைத் தோண்டுவதற்கு முன்

பெட்ரோல் பங்கில் நம் கண்ணில் படுவது பம்பும் கூரையும்தான். விற்கிற எரிபொருள் முழுவதும் தரைக்கு அடியில், தொட்டிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதைக்கப்பட்ட தொட்டிகளில் மிகப் பல, காப்புப்பூச்சு இல்லாத வெறும் எஃகால் ஆனவை. ஈர மண்ணில் கிடந்து துருவேறி, ஓட்டை விழுந்து, யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அவை கசிந்தன. 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்காகச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டுத் துப்புரவு நிதி ஒன்றையும் ஏற்படுத்தியது. பழைய தொட்டிகளை 1998 டிசம்பருக்குள் மாற்றவோ மேம்படுத்தவோ மூடவோ வேண்டும் என்று கெடுவும் விதிக்கப்பட்டது. இதுவரை அங்கே உறுதியான கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அத்தனை இடங்களின் அனுபவமும் காட்டுவது ஒன்றைத்தான்: மண்ணைச் சுத்தம் செய்வதைவிட, என்ன கசிந்தது, எங்கே போனது என்று கண்டறிவதே கடினமான வேலை. அதில் பிசகினால் பிறகு கொட்டுகிற பணம் அத்தனையும் வீண்.

கசிந்த பெட்ரோல் முதலில் கீழ்நோக்கி இறங்கும். வழியில் ஒரு பகுதி மண்துகள்களின் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். இன்னொரு பகுதி ஆவியாகி, பக்கத்துக் கட்டடங்களின் தரை விரிசல்கள் வழியே உள்ளே நுழையும். மீதி நிலத்தடி நீரை எட்டியதும், தண்ணீரைவிட இலேசானது என்பதால், அதன்மேல் மிதந்து பரவும். நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்கும்போது தானும் கூடவே ஏறியிறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் அப்பிக்கொள்ளும். அதிலிருந்து பென்சீன் கரைந்து நீரோடு நகரும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. எனவே ஆய்வாளர்கள் மெல்லிய எஃகுக் குழாய்களை மண்ணுக்குள் அழுத்தி இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் மண்மாதிரி எடுக்கிறார்கள். ஆவியை அளக்கும் கைக்கருவியை அதன் அருகில் பிடித்தால் எரிபொருள் எந்த ஆழத்தில் மிகுதி என்று அங்கேயே தெரிந்துவிடும். எந்த வேதிப்பொருள், எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும். அடுத்தது கண்காணிப்புக் கிணறுகள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணிக்க முடியும். தரை சரிகிற பக்கமே அடியில் தண்ணீரும் ஓடும் என்று நம்பிக் கிணறு போட்டால், மாசு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, கிணறுகள் மறுபக்கம் நின்று தண்ணீர் நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

கெட்ட மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் போதாதா, இத்தனை அளவீடு எதற்கு என்று கேட்கலாம். கசிவு சிறிது, ஆழமும் குறைவு என்றால் அதுவே நல்ல வழி. சாலைக்கும் வீடுகளுக்கும் அடியில் பரவிவிட்டால் எங்கே தோண்டுவது? தோண்டிய மண்ணும் வேறோர் ஊரின் கிடங்குக்குத்தான் போகும். மணல்பாங்கான நிலத்தில் குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் ஆவியாக வெளியேறும். இறுகிய களிமண்ணில் காற்று நகராது. அங்கே இந்த முறை அநேகமாகப் பலிக்காது. டீசல் எளிதில் ஆவியாகாதது. அதற்கு, மண்ணுக்குள் மெதுவாகக் காற்றைச் செலுத்தி, அங்கே ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஊட்டுவது பொருந்தும்.

நுண்ணுயிர்களிடம் விடுவது செலவைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்கு விடை அளவீட்டில்தான் இருக்கிறது. 1995இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் கலிபோர்னியாவின் கசிவு இடங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பென்சீன் கலந்த நீர் சுமார் 75 மீட்டருக்கு அப்பால் போகவில்லை என்று கண்டார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுகின்றன. மாசுபட்ட நீரில் ஆக்சிஜன் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால் அதற்கு அத்தாட்சி கிடைத்துவிடும். ஆனால் 1996இல் அதே மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியைத் தந்துகொண்டிருந்த கிணறுகளை மூட நேர்ந்தது. காரணம் பென்சீன் அன்று. வாகனப் புகையின் நச்சைக் குறைக்கப் பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற பொருள். அது பென்சீனைவிடப் பல மடங்கு நீரில் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கும் எளிதில் வசப்படாது. மிகச் சிறிதளவு கலந்தாலே தண்ணீரில் டர்பன்டைன் வாடை வீசும். ஒரே தொட்டியிலிருந்து கசிந்த பென்சீன் அருகிலேயே அடங்கிவிட, எம்.டி.பி.இ. நெடுந்தூரம் போய்விடக்கூடும். கலிபோர்னியா 2004 முதல் அதைத் தடை செய்தது. வெளியூரிலிருந்து தண்ணீர் வாங்கிச் சமாளித்த சாண்டா மோனிகா, கரிவடிப்பான்கள் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் அமைத்துத் தன் கிணறுகளை மீட்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன.

ஆராய்ந்துகொண்டே இருந்தால் அதுவரை மக்கள் எதைக் குடிப்பார்கள் என்ற கேள்வியும் சரியானதே. கசியும் தொட்டியைக் காலி செய்வது, மிதக்கும் பெட்ரோலை எடுப்பது, வீட்டுக்குள் வந்த ஆவியை வெளியேற்றுவது, மாற்றுக் குடிநீர் தருவது ஆகியவை எந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல. காத்திருக்க வேண்டியது வேலை முடிந்தது என்ற அறிவிப்புதான். உறிஞ்சும் எந்திரம் ஓடும் வரை அளவுகள் நன்றாகக் குறைந்திருக்கும்; நிறுத்திய சில மாதங்களில், களிமண் அடுக்குகளுக்குள் பதுங்கிய எரிபொருள் மெல்ல வெளிவந்து, கண்காணிப்புக் கிணறுகளில் பென்சீன் மறுபடி ஏறுவது வழக்கம். அப்போது எந்திரத்தைத் திரும்ப இயக்க வேண்டும், மீண்டும் நிறுத்தி அளக்க வேண்டும்.