பேரனுக்கு உண்டு, ஆயாவுக்கு இல்லை

புதன்கிழமை காலையில் திருவண்ணாமலை மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் குழந்தைகளின் அழுகைதான் முதலில் காதில் விழும். அன்று தடுப்பூசி நாள். அம்மா களை எடுக்கப் போயிருந்தால் ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வருவது ஆயாதான். பிள்ளையின் தொடையில் ஏறும் ஊசிகளில் ஒன்று பிசிவி. நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியாவைத் தடுப்பது அது. 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையாக இலவசமாகப் போடுகிறார்கள். நல்ல காரியம்.

தூக்கி வந்த ஆயாவுக்கு இழுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விறகடுப்பில் ஊதி ஊதியே நாற்பது வருடம் சமைத்தவர்களும், ஆரணி, களம்பூர் பக்கத்து அரிசி ஆலைகளில் உமித் தூசியைச் சுவாசித்தே கூலி வாங்கியவர்களும் உள்ள மாவட்டத்தில் இது அரிய கற்பனை அல்ல. அதே நிமோகாக்கஸ் அவர் நுரையீரலுக்கும் எமன். எனக்கும் ஒரு ஊசி போடக் கூடாதா நர்சம்மா என்று அவர் கேட்டால் ஒரே பதில்தான்: "இது குழந்தைங்களுக்குத்தான் ஆயா."

நாடு முழுவதற்குமான கணக்கு மலைக்க வைக்கிறது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5.5 கோடி, ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3.8 கோடி. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 சதவீதம். நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாளில் நம் பங்கு 32 சதவீதம்.

இவர்களுக்குச் சளிக் காய்ச்சல் என்பது மூன்று நாள் கஷாயத்தோடு முடிகிற சமாசாரம் இல்லை. காய்ச்சல் விட்டாலும் மூச்சு விடாது. படுத்தால் திணறும், இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழியும். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாட்டுவார்கள். ஊரில் அதற்கு 'புகை வைக்கிறது' என்று பெயர். தேறி வீடு திரும்பினாலும், பலருக்கு நுரையீரல் பழைய அளவுக்கு மீள்வதில்லை.

தடுக்க வழி உண்டு. பாங்காக்கில் 125 சிஓபிடி நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஃப்ளூ ஊசி போட்டவர்களுக்கு, ஃப்ளூவால் வரும் சுவாசத் தொற்று 76 சதவீதம் குறைந்திருந்தது. சிஓபிடிக்காரர்களை இலவச ஃப்ளூ ஊசிப் பட்டியலில் பிறகு தாய்லாந்து சேர்த்தது. பிரிட்டனிலும் இவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசம்.

இங்கே கைக்காசுதான். தனியாரிடம் ஃப்ளூ ஊசி ஆயிரம், இரண்டாயிரம் என்று போகிறது; பெரியவர்களுக்கான பிசிவி மூவாயிரத்தைத் தாண்டுகிறது. 2025-26-இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். ஒரு நிமோனியா ஊசிக்குப் பத்து நாள் மண் சுமக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவரால் அந்தப் பத்து நாளும் சுமக்க முடியுமா?

கொரோனா காலத்தில் மட்டும் ஒருமுறை இவர்கள் பட்டியலில் ஏறினார்கள். 2021 மார்ச் 1 முதல் 45 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களில் இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்று அறிவிப்பு வந்தது. இருபது நோய்கள் கொண்ட அந்தப் பட்டியலில் சுவாச நோயும் இருந்தது. ஆனால் நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு நொடியில் ஊதும் காற்றின் அளவு இருக்கவேண்டியதில் பாதிக்கும் கீழே போயிருக்க வேண்டும். அதை அளக்க ஸ்பைரோமீட்டர் வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர் அதற்கு எங்கே போவார்? ஏப்ரல் 1-இல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று மாறிய பிறகுதான் அந்தக் கதவு முழுதாகத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12-இல் மாநிலமெங்கும் சுமார் 40,000 முகாம்களில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. பெரியவர்களுக்கு ஊசி போட ஆளும் இடமும் ஐஸ் பெட்டியும் நம்மிடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திருவண்ணாமலைக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் காய்ச்சல் ஏறும் மாதங்களில்தான் கார்த்திகை தீபம் வருகிறது. 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யோடு கொப்பரையில் தீபம் ஏற்றப்பட்டு, பதினொரு நாள் எரிகிறது. அடிவாரத்தில் லட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் கற்பூரப் புகை. வெளியூர்க்காரர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பூ தொடுத்து விற்கும் அம்மாவும், ஆட்டோ ஓட்டுபவரும், அன்னதானத்தில் இலை எடுப்பவரும் அந்த நாட்கள் முழுவதும் அதே காற்றில்தான் இருக்கிறார்கள். போட்ட ஊசி பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். புரட்டாசியிலேயே போட்டுக்கொண்டால்தான் கார்த்திகைக்கு ஆகும். பேருந்து, குடிநீர், தற்காலிகக் கழிப்பறை என்று இவ்வளவும் திட்டமிடுகிற தீப ஏற்பாட்டில், உள்ளூர் இழுப்புக்காரர்களுக்குப் புரட்டாசியில் ஒரு முகாம் என்ற வரியும் இடம்பெற்றாக வேண்டும்.

ஃப்ளூ ஊசியின் வகை ஆண்டுதோறும் மாறுகிறது, செலவும் தொடரும், அந்தப் பணத்தில் முதலில் இன்ஹேலர் தரலாம் என்போரும் உண்டு. இன்ஹேலரும் வேண்டியதுதான். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே வாசலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க என்ன செலவாகிவிடும்?

காசு புரட்ட முடிந்தவருக்கும் வழி சுலபமில்லை. மருந்துக் கடையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். வந்ததும் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக் குளிர் கலையாமல், ஐஸ் வைத்த சின்ன தெர்மகோல் பெட்டியில் வாங்கி, ஊசி போட ஒப்புக்கொண்ட டாக்டரைத் தேடிப் போக வேண்டும். செங்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் ஒரு கையில் அந்தப் பெட்டி, மறு கையில் இன்ஹேலர் என்று டவுன் பஸ்ஸில் நின்றபடி போக வேண்டியிருக்கும், ஐஸ் உருகுவதற்குள்.